ஸ்டே இருக்கும்போது சுவர் கட்டிவிட்டேன், ஜெயிலுக்குப் போவேனா?

வாசகர் கேள்வி: வணக்கம் மேடம். தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து யாருக்கு என்பதில் பல வருடத் தகராறு. போன மாதம் காம்பவுண்டு சுவருக்கு வானம் தோண்டினேன். பெரியப்பா மகன், அதாவது அண்ணன், முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டே வாங்கிவிட்டார். அன்று மாலையே ஆர்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். நான் "பார்க்கலாம்" என்று பதில் போட்டேன். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, கோர்ட்டிலிருந்தும் எதுவும் வரவில்லை என்பதால் சனி, ஞாயிறு இரண்டே நாளில் சுவரை எழுப்பிவிட்டேன். பதிவுத் தபால் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. இப்போது கோர்ட் அவமதிப்பு என்று மனுப் போட்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் குடும்ப குரூப்பில் "முன்சீப்புக்கு எவ்வளவு கொடுத்தீங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டேன், அதற்குத் தனியாக அவமதிப்பு கேஸ் போடுவேன் என்கிறார். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகுமா? வேலை போகுமா? "ஆர்டரே தெரியாதுன்னு எதிர்மனு போடு" என்கிறார் மச்சான். "ஜட்ஜ் முன்னாடியே நேராக் கேட்டுடு" என்கிறார் மாமனார். நான் என்ன செய்வது?

பதில்: வணக்கம் சார். முதலில் மச்சானையும் மாமனாரையும் கொஞ்ச நாளைக்குத் திண்ணையில் உட்கார வையுங்கள். நீங்கள் செய்தது தப்புதான், ஆனால் சரிசெய்ய முடிகிற தப்பு. அவர்கள் இருவரும் சொல்வதைச் செய்தால் அது சரிசெய்ய முடியாத தப்பாகிவிடும்.

போலீஸ் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், அது இருந்தால் மீதி எதுவும் காதில் ஏறாது. இது போலீஸ் கேஸ் இல்லை, எஃப்ஐஆர் இல்லை. நீங்கள் மீறியது உரிமையியல் நீதிமன்றம் கொடுத்த தற்காலிக உறுத்துக் கட்டளையை (ஊரில் எல்லாரும் ஸ்டே என்கிறோம், கோர்ட் வராந்தாவில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்). அதை மீறினால் என்ன செய்வது என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2ஏ சொல்கிறது. உங்கள் அண்ணன் போட்டிருப்பது அநேகமாக இந்த விதியின் கீழ்தான், நோட்டீஸின் தலைப்பில் பாருங்கள், விதி எண் இருக்கும். நோட்டீஸ் வந்ததுமே யாரும் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். நீங்கள் வக்காலத்து (வக்கீலை நியமிக்கிற பத்திரம்) போட்டு, எதிர்மனு போட்டு, சாட்சி விசாரணை நடந்து, நீங்கள் வேண்டுமென்றே மீறினீர்கள் என்று நீதிபதி முடிவு எழுதிய பிறகுதான் தண்டனை என்ற பேச்சே வரும்.

இங்கே ஒரு குழப்பத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் "அவமதிப்பு" என்ற ஒரே பெயரில் வந்திருக்கின்றன. சுவர் கட்டியது ஒன்று, வாய்ஸ் மெசேஜ் இரண்டு, மாமனார் சொல்கிறபடி நீங்கள் செய்யப்போவது (செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்) மூன்று. இந்த மூன்றுக்கும் சட்டம் வேறு, நடைமுறை வேறு, முடிகிற விதமும் வேறு. ஊரில் யாராவது "ஆறு மாசம் ஜெயில்" என்று சொல்லியிருப்பார்கள். அது 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் உள்ள தண்டனை. ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டப்படி தண்டிக்கிற அதிகாரம் முன்சீப் கோர்ட்டுக்குக் கிடையாது, உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான். கீழ்க் கோர்ட்டை யாராவது அவமதித்தாலும் அதே சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றம்தான் விசாரிக்கும்.

சரி, சுவருக்கு வருவோம். விதி 2ஏயில் அபராதம் என்று ஒன்று இல்லை. இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், அந்த ஜப்தி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்காது, அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று வந்த பணத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கலாம். இரண்டாவது, மூன்று மாதம் வரை சிவில் சிறை (குற்றத்துக்கான தண்டனை இல்லை, சிவில் கோர்ட் உத்தரவில் காவலில் வைப்பது). அந்த மூன்று மாதத்துக்குள்ளும் நீதிபதி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியே விடலாம் என்று அதே விதியில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் இந்த விதியின் குணமே அதில்தான் இருக்கிறது. கோர்ட்டுக்கு உங்களை உள்ளே வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, போட்ட உத்தரவு நடக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இருபது வருடத்துக்கு மேல் கீழமை நீதிமன்றங்களில் நிற்கிறேன், 2ஏ மனுக்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், ஆள் உண்மையிலேயே சிவில் சிறைக்குப் போனதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். போனவர்கள் எல்லாருமே கோர்ட் ஒன்றுக்கு இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தும் முறைத்துக்கொண்டு நின்றவர்கள்.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள், உங்கள் கேஸில் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

நோட்டீஸ் செவ்வாய்க்கிழமைதான் வந்தது, சுவர் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது, அதனால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? உத்தரவு முறைப்படி கைக்கு வந்ததா என்பது இங்கே கேள்வி இல்லை. அப்படி ஒரு உத்தரவு இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அமீனா (கோர்ட் உத்தரவைக் கொண்டுவரும் ஊழியர்) வந்து கையெழுத்து வாங்கினாலும் சரி, எதிர் வக்கீல் போனில் சொன்னாலும் சரி, அண்ணன் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினாலும் சரி, தெரிந்த பிறகு செய்தால் அது மீறல்தான். நீல டிக் மட்டும் விழுந்திருந்தால்கூட "போனைப் பையன் வைத்திருந்தான்" என்று ஏதாவது சொல்ல முயலலாம். நீங்கள் "பார்க்கலாம்" என்று பதில் வேறு போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையை எதிர் வக்கீல் குறுக்கு விசாரணையில் எத்தனை முறை உங்களிடம் படித்துக் காட்டுவார் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும்.

அதனால்தான் மச்சானின் யோசனை எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்மனுவோடு பிரமாணப் பத்திரம் போடுவீர்கள், அதில் "மேற்படி உத்தரவு பற்றி எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்த வாய்தாவில் அண்ணன் அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றிதழோடு தாக்கல் செய்வார் (மின்னணு ஆவணத்துக்கு முன்பு 65பி சான்றிதழ் என்போம், புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு). அதோடு கதை திசை மாறிவிடும். நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச் சாட்சியம் கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 193, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 229. மூன்று மாத சிவில் சிறைக்குப் பயந்து ஏழு வருடக் குற்றத்தில் போய் விழுகிற யோசனை இது. மச்சான் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் கையெழுத்து உங்களுடையது.

அப்படியானால் எதிர்ப்பதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மீறினால் மட்டும் போதாது, வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். 2019இல் ஒரு பேக்கரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: 2ஏயில் தண்டிக்க வெறும் மீறல் போதாது, மனமறிந்த மீறலாக இருக்க வேண்டும், அதற்கான நிரூபணமும் சாதாரண சிவில் வழக்கைவிட அழுத்தமாக இருக்க வேண்டும். நிரூபிக்கிற பாரம் அண்ணன் மேல்தான். அதனால் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். எந்தச் சர்வே எண், எந்த நான்கெல்லை, எதைச் செய்யக் கூடாது என்று தடை? "பாதையில் இடையூறு செய்யக் கூடாது" என்று மட்டும் இருந்து, உங்கள் சுவர் பாதையில் ஒரு அங்குலம்கூட ஏறாமல் உங்கள் பட்டா நிலத்திலேயே நிற்கிறது என்றால் அது மீறலே இல்லை என்று வாதாடலாம். "சொத்தின் தற்போதைய நிலையை மாற்றக் கூடாது" என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உங்கள் கடிதத்தில் உத்தரவின் வாசகம் இல்லை, அதனால் நான் இதற்கு மேல் ஊகிக்கவில்லை. சுவர் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயரோடு அளந்து அறிக்கை தரச் சொல்லி நீங்களே மனுப் போடலாம். அளந்து பார்க்கப் பயமாக இருக்கிறது என்றால், சார், விடை உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. என்னைக் கேட்காமலே ஒருதலையாக ஆர்டர் வாங்கிவிட்டார், அதனால் அது செல்லாது என்று கட்சிக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஒருதலை உத்தரவு கொடுக்க முன்சீப்புக்கு அதிகாரம் உண்டு. கொடுத்தால் காரணம் எழுத வேண்டும், வாங்கினவர் அன்றோ மறுநாளோ நகல்களை உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், முப்பது நாளுக்குள் மனுவை முடிக்கக் கோர்ட் முயல வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தபால் வந்திருக்கிறது என்றால் அநேகமாக அவர் சனிக்கிழமைக்குள்ளேயே அனுப்பியிருப்பார், அதில் ஓட்டை இருக்காது. அப்படியே ஓட்டை இருந்தாலும், உத்தரவு தப்பு என்றால் அதை ரத்து செய்யச் சொல்லி விதி 4இல் மனுப் போடலாம், மேல்முறையீடு போகலாம், கொத்தனாரைக் கூப்பிட முடியாது. அதிகாரவரம்பே இல்லாத கோர்ட் என்று பின்னால் முடிவான ஒரு வழக்கில்கூட, உத்தரவு உயிரோடிருந்த காலத்தில் அதை மீறியதற்குத் தண்டிக்கலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் முதல் வாய்தாவிலேயே உங்களை நேரில் நிற்க வைப்பேன். வக்காலத்து போட்டாயிற்று, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் ஸ்கூலுக்குப் போய்விடக் கூடாது, ஒரு நாள் லீவு போடுங்கள். அவமதிப்பு மனுவில் ஆள் நேரில் வந்து கை கட்டி நிற்பதைப் பார்த்தாலே பாதி உஷ்ணம் இறங்கிவிடும், இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது. எதிர்மனுவில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸப்பில் பார்த்தேன், கோர்ட்டிலிருந்து வந்தால்தான் செல்லும் என்று தவறாக நினைத்தேன், ஆள்களுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன், அவசரப்பட்டுவிட்டேன், நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன், இனி வழக்கு முடியும்வரை அந்த இடத்தில் எந்த வேலையும் செய்ய மாட்டேன், சுவர் விஷயத்தில் கோர்ட் எப்படிச் சொல்கிறதோ அப்படி நடந்துகொள்கிறேன். அவ்வளவுதான், இரண்டு பக்கம் போதும்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டால் சந்து அவருடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? ஆகாது. நீங்கள் மன்னிப்புக் கேட்பது கோர்ட்டிடம், அண்ணனிடம் இல்லை. சந்து யாருக்கு என்பது அசல் வழக்கில் ஆவணங்களை வைத்து முடிவாகும். "அசல் வழக்கில் எனக்குள்ள உரிமைகளுக்குப் பங்கமில்லாமல்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எந்த நீதிபதியும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் மன்னிப்புக்குள்ளேயே "மனுதாரர்தான் என்னைத் தூண்டினார்", "உத்தரவே சட்டவிரோதம்" என்றெல்லாம் நுழைத்தால் அது மன்னிப்பு இல்லை, சண்டையின் அடுத்த அத்தியாயம். 1971 சட்டத்தின் 12ஆம் பிரிவில், நல்ல எண்ணத்தோடு கேட்ட மன்னிப்பை நிபந்தனை இருக்கிறது என்பதற்காக மட்டுமே தள்ளக் கூடாது என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், உண்மைதான், இருந்தாலும் நான் அதை நம்பி யாரையும் அனுப்பியதில்லை. தண்டனை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு கேட்கிற மன்னிப்புக்கும் முதல் நாளே கேட்கிற மன்னிப்புக்கும் கோர்ட்டில் விலை வேறு. 2018இல் பாஜகவின் எச்.ராஜா உயர் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசியது பெரிய செய்தியானது நினைவிருக்கும். அவர் நேரில் ஆஜராகி நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார், கோர்ட் ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டது. பெரிய ஆள்களுக்கே அந்த வழிதான்.

சுவரை நீங்களே இடித்துவிடலாமா? அவசரப்பட்டு ஞாயிற்றுக்கிழமை கட்டினது போல அவசரப்பட்டு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இடிக்காதீர்கள். இருக்கிற நிலையை மாற்றுவது எதுவானாலும் கோர்ட்டுக்குச் சொல்லிவிட்டுச் செய்வதுதான் நல்லது. இடிக்கத் தயார் என்று மெமோ போடுங்கள், ஆணையர் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகு, கோர்ட் சொன்னால், இடித்து அந்தப் படத்தையும் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் இடிக்க மாட்டேன் என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி 151ஆம் பிரிவின் உள்ளார்ந்த அதிகாரத்தில் கோர்ட்டே உத்தரவு போடலாம், போலீஸ் பாதுகாப்போடு அமீனா வருவார், தெருவே வேடிக்கை பார்க்கும். நீங்கள் பாடம் நடத்துகிற பிள்ளைகள் அதே தெருவில்தானே இருக்கிறார்கள்.

பெரும்பாலான 2ஏ மனுக்கள் எப்படி முடிகின்றன என்று கேட்டால், சத்தமில்லாமல் முடிகின்றன. மன்னிப்பும் உறுதிமொழியும் பதிவாகி மனு முடித்துவைக்கப்படும். அல்லது வாய்தா மேல் வாய்தாவாக ஓடி, அசல் வழக்கோடு சேர்ந்து கிடக்கும். அல்லது சமரச மையத்திலோ லோக் அதாலத்திலோ பாகம் பிரித்துக்கொண்டு அண்ணன் "இந்த மனுவை வலியுறுத்தவில்லை" என்று எழுதிக் கொடுப்பார். அண்ணன் தம்பி வழக்குகளில் மூன்றாவதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதுவும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கல்யாணம் வந்துவிட்டால் போதும். ஒருவேளை எதிராகவே உத்தரவு வந்தாலும் கட்டளை 43, விதி 1இன் கீழ் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு, முன்சீப் கோர்ட் உத்தரவு என்றால் சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். அண்ணன் நேராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் அவமதிப்பு மனுப் போட்டால்? போடலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் என்ற காலவரம்பு இருக்கிறது. ஆனால் இடைக்கால உறுத்துக் கட்டளையை மீறினதற்கு 2ஏ என்ற வழி கையிலேயே இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள்.

வேலையைப் பற்றி. 2ஏ உத்தரவு குற்றவியல் தண்டனை இல்லை, அதை வைத்து "தண்டனை பெற்றவர்" என்று வேலையிலிருந்து தூக்க முடியாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17ஆம் விதிப்படி, குற்றச்சாட்டினாலோ வேறு காரணத்தினாலோ 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே அரசு ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகக் கருதப்படுவார். "வேறு காரணத்தினாலோ" என்பதில் சிவில் சிறையையும் சேர்த்துவிடலாம். மற்றவருக்கு மூன்று நாள் அவமானத்தோடு போகிற விஷயம் உங்களுக்கு சஸ்பென்ஷன் ஆர்டரில் போய் நிற்கும். மற்றவர்களைவிட நீங்கள் இரண்டு படி அதிகமாகப் பணிந்து போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இனி அந்த வாய்ஸ் மெசேஜ். நீதிபதி காசு வாங்கினார் என்று ஆதாரமில்லாமல் சொல்வது கோர்ட்டின் பெயரைக் கெடுக்கும் குற்றவியல் அவமதிப்பு வகையில் வரும். ஆனால் அண்ணன் நினைக்கிற மாதிரி அவரே ஒரு மனுப் போட்டு உங்களை இழுத்துவிட முடியாது. கீழ்க் கோர்ட்டைப் பற்றிய குற்றவியல் அவமதிப்பு என்றால், 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுப்படி, அந்தக் கோர்ட்டே உயர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும், அல்லது அட்வகேட் ஜெனரல் கொண்டுபோக வேண்டும். பதினெட்டுப் பேர் இருக்கிற குடும்ப குரூப்பில் கோபத்தில் வந்த அரை நிமிடக் குரலுக்காக அவ்வளவு தூரம் யாரும் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நீதி நிர்வாகத்தில் கணிசமாகக் குறுக்கிடாத எதற்கும் தண்டிக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவும் சொல்கிறது. 2020இல் நீட் தேர்வு பற்றி நடிகர் சூர்யா வெளியிட்ட அறிக்கைக்கு அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே கடிதம் எழுதியும், தலைமை நீதிபதி அமர்வு தேவையில்லை என்று விட்டுவிட்டது. ஆனாலும் அண்ணன் அந்த ஆடியோவை உங்கள் 2ஏ மனுவில் இணைப்பார், "எதிர்மனுதாரரின் மனப்போக்கைப் பாருங்கள்" என்று காட்டுவதற்காக. அதுதான் நிஜமான ஆபத்து. அழித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள், யாராவது சேமித்து வைத்திருப்பார்கள், அழித்தது இன்னும் மோசமாகத் தெரியும். அதே குரூப்பில் "கோபத்தில் சொன்னது தவறு, அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று இரண்டு வரி எழுதுங்கள், அதற்குப் பிறகு அந்தக் குரூப்பில் குட்மார்னிங் தவிர எதுவும் போடாதீர்கள்.

உண்மையிலேயே அந்த நீதிபதி மேல் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதற்கு வழி இல்லாமல் இல்லை. கீழ்க் கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் புகார் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு ஆதாரமும் இல்லை, ஸ்டே கொடுத்துவிட்டார் என்ற ஆத்திரம் மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாக மாமனார். ஜட்ஜ் முன்னால் குரலை உயர்த்தினால் அது மூன்றாவது வகை. வழக்கு நடத்திக்கொண்டிருக்கிற நீதிபதியை வேண்டுமென்றே அவமதித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 267ஆம் பிரிவு, அதற்கு முன்சீப்பே அன்றைக்கே, கோர்ட் கலைவதற்குள், நடவடிக்கை எடுத்து அபராதம் போட முடியும், கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை உள்ளே. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. என் கட்சிக்காரர் ஒருவர், பெரிய விவசாயி, எதிர்க் கட்சிக்கு வாய்தா கொடுத்ததற்காக மேஜையைத் தட்டிக் கத்திவிட்டார். நீதிபதி ஒரு வார்த்தை பேசவில்லை. டவாலியை (கோர்ட் சேவகரை) கூப்பிட்டு, அவரைப் பின் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வழக்கை எடுத்தார். காலை பதினொன்றிலிருந்து சாயந்திரம் வரை மனிதர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி சுமாருக்கு எழுந்து நின்று, "ஐயா, தெரியாமப் பேசிட்டேன்" என்றார். "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்துவிட்டார். அந்த ஆறு மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான், அதனால் மாமனாரின் யோசனை எனக்கு வேண்டவே வேண்டாம்.

அவமதிப்பு மனுவைப் பார்த்த பயத்தில் அசல் வழக்கைக் கோட்டை விட்டுவிடாதீர்கள், இது நிறையப் பேருக்கு நடக்கிறது. வழக்குச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்துமூல மறுமொழி தாக்கல் செய்ய வேண்டும், காரணம் சொன்னால் தொண்ணூறு நாள் வரை கோர்ட் ஏற்கலாம். உறுத்துக் கட்டளை மனுவுக்கும் தனியாக எதிர்மனு போட வேண்டும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, எஃப்எம்பி என்கிற சர்வே புல வரைபடம், வீட்டு வரி ரசீது, சந்தின் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்து வக்கீல் கையில் கொடுங்கள். வாட்ஸப் மெசேஜையும் மறைக்காமல் அவரிடம் காட்டுங்கள், எதிர் வக்கீல் வாயிலிருந்து அவர் முதல்முறையாக அதைக் கேட்கக் கூடாது.

சுவருக்கு இன்னும் பூச்சு பூசவில்லை என்றால் அப்படியே விடுங்கள். மீதி சிமெண்ட் மூட்டை கெட்டியாகிப் போனால் போகட்டும், கொத்தனாரிடம் நீங்களே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காதீர்கள், அவர் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டி வரலாம்.